நகத்தில் எழும் வானவில்: மருதாணி, அரக்கு, மைக்கா

திருப்பதி கோவிந்தராஜசுவாமி கோயிலையொட்டிய கடைத்தெருவில், அண்மையில் ஹோலோகிராஃபிக் நகப்பூச்சுக் குப்பி ஒன்று வாங்கினேன். அறையின் குழல்விளக்கொளியில் அது வெறும் சாம்பல் நிறமாகவே இருந்தது. வெயிலில் கையை நீட்டியதும் நகந்தோறும் சிவப்பு முதல் ஊதா வரை ஒரு வானவில் எழுந்து, விரலை அசைக்குந்தோறும் இடம்பெயர்ந்தது. உடனிருந்த ஆய்வுத் தோழி, “இதற்கும் ஒரு வரலாறு உண்டோ?” என்று நகைத்தார். உண்டு, அதில் ஒரு பகுதி இந்நிலத்திலேயே நிகழ்ந்தது.

தொல்காப்பியப் பாயிரம் தமிழகத்தின் வட எல்லையாகச் சுட்டுவது வேங்கடத்தை. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்துடன் இணைந்த பின்னும், சித்தூர், புத்தூர், நகரிப் பகுதிகளில் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் வழங்குகின்றன. தமிழர் மருதாணி என்பதைத் தெலுங்கர் கோரிண்டாக்கு என்பர்; தெலுங்கில் ‘கோரு’ என்றால் நகம். ஆஷாட மாதத்தில் அதை அரைத்து இட்டுக்கொள்வது தெலுங்குப் பெண்களின் வழக்கம். மருதாணியிலுள்ள லாசோன் என்னும் சாயம் கெரட்டின் புரதத்துடன் பிணைகிறது. தோலில் சில வாரங்களில் மங்கும் அச்சிவப்பு, நகத்தில் எளிதில் மங்குவதில்லை. நகம் வளர வளர மேலேறி, இறுதியில் வெட்டுண்டே நீங்கும். விரல் நகம் மாதத்திற்கு ஏறத்தாழ 3 மி.மீ. வளர்வதால், அது முற்றும் மறைய ஆறு மாதமாகும். அடியில் வெளுத்துவரும் பிறையின் அளவைக் கொண்டே, மருதாணி இட்ட காலத்தைக் கணித்துவிடலாம். அவ்வகையில் நகம் ஒரு காலக்கணக்கு ஏடு.

கால்களுக்கு ஊட்டிய செம்பஞ்சுக் குழம்பு அரக்குச் சாயத்தால் ஆனது. அரக்கைக் குறிக்கும் லாக்ஷா என்னும் வடசொல்லே பல மொழிகளின் வழியாக ஆங்கிலத்தில் ‘லாக்கர்’ ஆயிற்று. இன்று குப்பிகளில் ‘நெயில் லாக்கர்’ என அச்சிடப்படுவதில் பழைய அரக்கின் பெயர் ஒளிந்திருக்கிறது. பெயர் எஞ்சியது, பொருள் மாறிற்று. 1920களில் மோட்டார் வண்டிகளுக்குப் பூசப்பட்ட, விரைந்து உலரும் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சே நவீன நகப்பூச்சுக்கும் அடிப்படையாயிற்று. 1932இல் அமெரிக்காவில் ரெவ்லானும், 1952இல் இந்தியாவில் லக்மேயும் தொடங்கப்பட்டன. இச்சாயம் நகத்தில் ஊறுவதில்லை. மேலே ஏடாகப் படிந்து, அசிட்டோன் பட்டதும் நொடிகளில் கரைகிறது. காலக்கணக்கு அத்துடன் அழிந்தது.

ஹோலோகிராஃபிக் பூச்சில் நிறமியின் பங்கே குறைவு. மி.மீ. ஒன்றுக்குப் பல நூறு நுண்வரிகள் பதித்த அலுமினியத் துகள்கள் ஒளியைச் சிதறடித்து நிறங்களாகப் பிரிக்கின்றன. டென்னிஸ் கேபர் 1947இல் உருவாக்கி 1971இல் நோபல் பரிசு பெற்ற ஹோலோகிராமுடன் இதற்குள்ள உறவு பெரிதும் பெயரளவினது. செயல்முறையில் இது, 1785இல் ரிட்டன்ஹவுஸ் மயிரிழைகளை வரிசையாகக் கட்டிச் செய்த விளிம்புவிளைவுக் கீற்றணியின் வழித்தோன்றல். வெயில் போன்று ஒரு திசையினின்று வரும் ஒளியில் மட்டுமே நிறங்கள் தெளியும். அறையின் பரவலான ஒளியில் அவை ஒன்றன்மேல் ஒன்று படிந்து சாம்பலாகும்.

இதற்கு முந்தியதும் இன்றும் மிகுதியாக விற்பதுமான முத்தொளிப் பூச்சுகளில் மின்னுவது மைக்கா; தமிழில் காக்காப்பொன், தெலுங்கில் அப்ரகம். 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி மாவட்டம் உருவானபோது அதனுடன் இணைக்கப்பட்ட கூடூர், புகழ்பெற்ற நெல்லூர் மைக்கா வட்டாரத்தைச் சேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் அங்கு வெட்டியெடுக்கப்பட்ட மைக்கா, பெரிதும் மின்காப்புப் பொருளாகக் கப்பலேறிற்று. பாறையிலிருந்து எடுத்த கட்டிகளை ஏடேடாகப் பிரித்தவை மனித விரல்களே. அவ்விரல்களின் நகங்களிலும் காக்காப்பொன் மின்னியிருக்கும். அதை அலங்காரம் என எவரும் அழைத்திருக்கமாட்டார். ஜார்க்கண்ட், பீகார் மைக்காச் சுரங்கங்களில் குழந்தைகள் உழைப்பது உலகறியப்பட்ட பின்னரே, 2017இல் பாரீசில் நிறுவனங்கள் கூடிப் ‘பொறுப்புள்ள மைக்கா முன்முயற்சி’ என்னும் அமைப்பைத் தொடங்கின.

செம்பஞ்சு ஊட்டிய அடிகளை இலக்கியம் பாடிற்று. மைக்கா பிரித்தவர்களோ சுரங்க அறிக்கைகளில் எண்ணிக்கையாக நின்றனர். ஒப்பனை அற்பமான பொருள் என்று நாம் ஒதுக்கியதால் இவ்விரு கைகளையும் ஒரே வரலாற்றில் வைத்துக் காணத் தவறினோம். கூடூர்ப் பக்கத்து மைக்காக் கூடங்களில் உழைத்த முதியோர் உங்கள் குடும்பத்தில் இருப்பின், அவர்தம் நினைவுகளை இப்போதே ஒலிப்பதிவு செய்யுங்கள். குப்பியிலுள்ள ஒளிக்கு விளக்கம் நூலில் கிடைக்கும். அவர்கள் கைகளின் கதை அவர்களிடம் மட்டுமே இருக்கிறது.