மலையாள சினிமாவின் முதல் பக்கம்

எங்கள் வீட்டில் யூட்யூபைத் திறந்தால் பாதிக்குப் பாதி மலையாள நகைச்சுவைத் துண்டுகள்தான். நான் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழன். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் இரண்டும். வளைகுடாவுக்கு வந்து இத்தனை வருஷமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

அடிக்கடி ஓடுவது 'நாடோடிக்காற்று' (1987). துபாய் போகிறோம் என்று நம்பிப் படகேறும் தாசனையும் விஜயனையும் மாமுக்கோயா சென்னைக் கரையில் இறக்கிவிடுவாரே, அதுதான். தாசன் பி.காம். படித்தவன். நானும் பி.காம். என்பதால் மற்றவர்களைவிட ஒரு நொடி தாமதமாகத்தான் சிரிப்பேன் :-) இது மறுவருஷமே தமிழில் 'கதாநாயகன்' ஆனது.

வங்கியில் கூட வேலை பார்க்கும் மலையாளிகளுக்கு இது போதும். 'மணிச்சித்ரத்தாழ்' 'சந்திரமுகி' ஆனது, இடுக்கியில் தொடுபுழைப் பக்கம் எடுத்த 'த்ருஷ்யம்' 'பாபநாசம்' ஆனது, எல்லாம் நாங்கள் கொடுத்த கடன் என்பார்கள். சரிதான். ஆனால் பேரேட்டின் முதல் பக்கத்தையும் புரட்ட வேண்டும் இல்லையா?

மலையாளத்தின் முதல் பேசும் படம் 'பாலன்' (1938). எடுத்தது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரம். முதல் முழுநீள வண்ணப்படமான 'கண்டம் பெச்ச கோட்டு' (1961) படமும் அவர் எடுத்ததே. பிறகும் ரொம்ப காலம் மலையாளப் படவுலகம் கோடம்பாக்கத்தில்தான் குடியிருந்தது.

அதற்கும் முன்னால் ஊமைப்படம் 'விகதகுமாரன்'. 1928 என்று பழைய புத்தகங்கள் சொல்லும், 1930 என்பது பின்னால் வந்த ஆய்வு. சொத்தை விற்றுத் திருவனந்தபுரத்தில் ஸ்டூடியோ போட்டு இதை எடுத்தவர் ஜே.சி.டேனியல், தமிழ் பேசும் நாடார் குடும்பம். கதாநாயகி பி.கே.ரோஸி, தலித் பெண். நாயர் பெண்ணாக அவர் திரையில் வந்ததைப் பொறுக்காமல் கேபிடல் தியேட்டரில் கல் எறிந்தார்கள். ரோஸி ஊரைவிட்டே ஓடினார். லாரி ஏறித் தமிழ்நாட்டுக்கு வந்து, அந்த லாரி ஓட்டுநரையே மணந்து, ராஜம்மாள் என்ற பெயரில் வாழ்ந்தார் என்கிறார்கள். தன் முகத்தை அவர் திரையில் பார்த்தாரா? முதல் காட்சிக்கே அவரை உள்ளே விடவில்லையாம். இன்று அந்தப் படத்தின் பிரதியும் இல்லை.

டேனியல் கடனாளியாகி, பல் வைத்தியராகப் பிழைத்து, 1975-ல் அகஸ்தீஸ்வரத்தில் இறந்தார். கடைசிக் காலத்தில் கேரள அரசிடம் கலைஞர் உதவித்தொகை கேட்டபோது, நீங்கள் தமிழ்நாட்டுக்காரர் என்று கைவிரித்தார்கள். அகஸ்தீஸ்வரம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சிக்குள் இருந்த ஊர்! அவர் படம் எடுத்த காலத்தில் திருவிதாங்கூர். எங்கள் பாலக்காட்டின் பெரும்பகுதியோ அதே நாள் வரை மதராஸ் மாநிலம். கோடு நகர்ந்தது, மனிதர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். தேவிகுளம், பீர்மேடு தமிழர்களைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள்.

பத்திரிகையாளர் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் விடாமல் எழுதித்தான் டேனியல் பெயர் மீண்டது. 1992 முதல் கேரள அரசின் உயர்ந்த திரை விருதே அவர் பெயரில். உதவித்தொகைக்கு ஆகாதவர் விருதுக்கு ஆனார். ரோஸிக்கு 2023-ல் கூகுள் முகப்புச் சித்திரம் கிடைத்தது.

இருவர் கதையும் கமல் இயக்கிய 'செல்லுலாய்டு' (2013) படத்தில் இருக்கிறது. பிருத்விராஜ்தான் டேனியல். பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். எலப்புள்ளியில் பிறந்த எம்.எஸ்.வி. பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.