லாரியும் டிரைவரின் உறக்கமும்

நள்ளிரவில் நெடுஞ்சாலையிற் செல்லும் சரக்கு லாரியொன்றைக் காணுங்கால், அதன் விளக்குகள் எரிகின்றனவா என்பதை நாம் கண்டறியலாம். பாரம் மிகுதியோ என்பதையும் ஒருவாறு ஊகிக்கலாம். அதனை ஓட்டுபவன் கடைசியாக எப்பொழுது உறங்கினான் என்பதை அறிதற்கு வழியில்லை. நம் சங்கத்துக் குடும்பங்களுட் சில லாரி வைத்துப் பிழைப்பன. சில டிரைவர் தொழிலால் வாழ்வன. ஏனையோராகிய நாமும் அச்சாலையிலேயே பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நடக்கின்றோம். ஆதலின், ஒரு தேசத்தார் இவ்வுறக்கத்தைச் சட்டத்தால் அளந்தறிய முயன்ற வரலாற்றை இத்திங்கள் ஆராய்வது பொருந்துமெனக் கருதுகின்றோம். அத்தேசம் அமெரிக்க ஐக்கிய நாடு. சற்றேறக்குறைய 90 ஆண்டுகளாக ஆங்குள்ள மத்திய சர்க்கார் இக்கணக்கை எழுதி வருகின்றது.

அந்நாட்டில் இரயில்வேக் கம்பெனிகளை அடக்கும்பொருட்டு 1887-ஆம் ஆண்டில் மாகாணங்களுக்கிடை வர்த்தகக் கமிஷன் என்னும் சபை ஏற்பட்டது. இரயில்வே ஊழியர் தொடர்ந்து 16 மணிக்கு மேல் வேலை செய்தலாகாது என்று 1907-இல் ஒரு சட்டமும் பிறந்தது. லாரிக்கு அத்தகைய வரம்பொன்றும் மத்தியச் சட்டத்தில் இல்லை. 1935-ஆம் வருடம் ஆகஸ்டு மாதம் 9-ஆம் நாள் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் மோட்டார் வண்டிச் சட்டத்திற் கையொப்பமிட்டார். அதன் முதன்மை நோக்கம் கட்டணத்தையும் போட்டியையும் ஒழுங்கு செய்தலே. எனினும், டிரைவர்களின் வேலை நேரத்தை வரையறுக்கும் அதிகாரமும் அதனால் அக்கமிஷனுக்குக் கிடைத்தது.

கமிஷன் முதலில், 1937-இல், 15 மணிக்குள் 12 மணி நேர வேலை என விதித்தது. தொழிலாளர் தரப்பார் இது மிகையென்று வாதாடவே, மறு ஆண்டில் விதி திருத்தப்பட்டது: ஒரு நாளில் 10 மணிக்கு மேல் வண்டி ஓட்டலாகாது, இடையே தொடர்ந்து 8 மணி ஓய்வு வேண்டும், 7 நாளில் 60 மணி, அல்லது 8 நாளில் 70 மணி என்பதே வேலையின் எல்லை. இந்த 60, 70 என்னும் எண்கள் இன்றளவும் மாறவில்லை.

விதி எழுதுதல் எளிது. அதனைக் காவல் செய்தல் அரிது. அதற்கெனக் கண்ட சாதனம் ஒரு காகிதத்தாள். அதில் 24 மணிக்கும் கட்டங்கள். குறுக்கே நான்கு வரிசைகள்: ஓய்வு, வண்டியிலுள்ள படுக்கை, ஓட்டுதல், ஓட்டாது செய்யும் பிற வேலை என்பன. டிரைவர் தன் கையாலேயே கோடிழுத்து அன்றைய நாளைக் காட்டவேண்டும். குற்றம் செய்பவனே குற்றப் பத்திரிகையும் எழுதுவதை ஒக்கும் இது. ஒருவரே இரண்டு மூன்று ஏடுகள் வைத்துக்கொண்டு, கேட்பவருக்கு ஏற்றதை நீட்டுவது வழக்கமாயிற்று. டிரைவர்கள் இவ்வேட்டிற்கு இட்ட பெயர் ‘சித்திரக்கதைப் புத்தகம்’ என்பது.

இப்பொய்யை டிரைவரின் ஒழுக்கக்கேடு என்று மட்டும் சொல்லிவிடுதல் நியாயமன்று. 1938-இல் இயற்றப்பட்ட நியாயத் தொழில் தரச் சட்டம், வாரத்திற்கு இத்தனை மணி என்று வரையறுத்து, அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு மணிக்கும் ஒன்றரை மடங்கு கூலி தரவேண்டுமென்று முதலாளிகளுக்கு விதித்தது. அச்சட்டத்தினின்று, கமிஷனின் அதிகாரத்திற்குட்பட்ட லாரி டிரைவர்கள் விலக்கப்பட்டனர். அவர்கள் வேலை நேரத்தைக் கவனிக்கக் கமிஷன் இருக்கின்றதே என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஒரு சட்டம் நேரத்திற்கு வரம்பு கட்டிற்று. மற்றொன்று வரம்பு மீறிய உழைப்பிற்குரிய கூலியை மறுத்தது. நெடுந்தூர டிரைவர்களுட் பெரும்பாலார் மைல் கணக்கிற் கூலி பெறுவோர். சக்கரம் உருளாத நேரம் அவர்களுக்கு வருமானமில்லாத நேரம். இவ்விலக்கு இந்நாளிலும் நிலவுகின்றது. இதனை வாசகர்கள் மனத்திற் கொள்ள வேண்டுகின்றோம்; பின்வருவன பலவற்றிற்கும் இதுவே வேர்.

1967-இல் பாதுகாப்பு வேலை, புதிதாய் ஏற்பட்ட போக்குவரத்து இலாகாவிற்கு மாற்றப்பட்டது. அதனினும் பெரிய மாறுதல் 1980-இல் நேர்ந்தது. அதுகாறும் புதிய லாரிக் கம்பெனி தொடங்குவோர், பொதுமக்களின் வசதிக்கும் அவசியத்திற்கும் தம் வண்டிகள் வேண்டப்படுவனவென்று கமிஷன் முன் மெய்ப்பிக்கவேண்டியிருந்தது. ஜனாதிபதி கார்ட்டர் காலத்துச் சட்டம் அக்கதவை அகலத் திறந்துவிட்டது. புதிய கம்பெனிகள் ஆயிரக்கணக்கில் முளைத்தன, கட்டணம் இறங்கிற்று, சரக்கனுப்பும் வியாபாரிகள் மகிழ்ந்தனர். இத்தனை கம்பெனிகளையும் யார் சென்று பார்ப்பது என்ற வினாவும் உடன் எழுந்தது.

விடை சாலையோரத்திற் கிடைத்தது. 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மத்திய சர்க்கார் மாகாணங்களுக்குப் பணம் உதவி, மாகாணப் போலீசாரையும் பரிசோதகர்களையும் கொண்டு லாரிகளை வழியில் நிறுத்திச் சோதிக்கலாயிற்று. முழுச் சோதனைக்கு 37 படிகள் உண்டு. பரிசோதகர் வண்டியின் கீழ்ப் புகுந்து, பிரேக்கைத் தள்ளும் கம்பியிற் சுண்ணக்கட்டியால் அடையாளமிட்டு, டிரைவரைப் பிரேக்கை மிதிக்கச் செய்து, கம்பி எத்துணைத் தூரம் நகர்கின்றதென்று அளவுகோலால் அளக்கின்றார். பிரேக்குகளில் நூற்றுக்கு 20 பழுதாயினும் வண்டி அவ்விடத்தினின்று நகரலாகாது. ஐந்து அச்சுள்ள லாரிக்குப் பத்துப் பிரேக்குகள். ஆகவே இரண்டு கெட்டாற் போதும். சரக்கு அழுகுவதாயினும் பழுது நீக்கிய பின்னரே பயணம். இத்தொழில் தெரிந்த நம்மவர் இக்கண்டிப்பைப் பாராட்டுவர் என நம்புகின்றோம். 80,000 பவுண்டு எடையுள்ள வண்டி இறக்கத்தில் வரும்போது பிரேக்கின் மதிப்பை அவரினும் நன்கறிவார் யார்?

டிரைவர் லைசென்சிலும் ஒரு பெரும் ஓட்டை இருந்தது. மாகாணத்திற்கொன்றாகப் பல லைசென்சுகளை வைத்துக்கொண்டு, ஒன்றிற் குற்றம் பதிந்தால் மற்றொன்றைக் காட்டித் தப்புவோர் பலர். சில மாகாணங்களிற் சிறிய கார் ஓட்டும் லைசென்சே பெரிய லாரிக்கும் செல்லும். 1986-ஆம் ஆண்டுச் சட்டம் ஒருவருக்கு ஒரே லைசென்சு என விதித்தது. 1992 ஏப்ரல் முதல் வர்த்தக வண்டிக்கெனத் தனித் தேர்வும் லைசென்சும் கட்டாயமாயின.

2000-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், லாரி, பஸ் கம்பெனிகளின் பாதுகாப்பிற்கென்றே ஒரு தனி நிர்வாகம் ஏற்பட்டது. அது 2010 டிசம்பரில் வகுத்த கணக்கு முறையைச் சற்று விரித்துரைப்போம். சாலைச் சோதனையிற் கண்ட குற்றங்களும் விபத்துக்களும் ஏழு பிரிவுகளிற் பதியப்படும்: தகாத ஓட்டம், விபத்து, வேலை நேர மீறல், வண்டிப் பராமரிப்பு, மது மற்றும் போதைப் பொருள், அபாயகரமான சரக்கு, டிரைவரின் தகுதி என்பன. ஒவ்வொரு குற்றத்திற்கும் 1 முதல் 10 வரை கனம். ஆறு மாதத்திற்குட்பட்ட குற்றம் மும்மடங்காகவும், ஓராண்டிற்குட்பட்டது இருமடங்காகவும் எண்ணப்படும். ஈராண்டு கடந்தது நீங்கிவிடும். பின்னர் ஒத்த அளவுள்ள கம்பெனிகளை ஒருங்கு வைத்து, நூற்றில் எவ்விடம் என்று வரிசைப்படுத்துவர். எண் ஏற ஏற இழிவு. வேலை நேரப் பிரிவிற் சாதாரண லாரிக் கம்பெனி 65-ஐ எட்டினால் எச்சரிக்கைக் கடிதமோ அதிகாரியின் விசாரணையோ வரும். நேரிற் சென்று விசாரித்து, ‘தகுதியற்றது’ என்ற தரம் இடப்பட்ட கம்பெனி, குறித்த தவணைக்குள் திருந்தாவிடில் தொழிலை நிறுத்தவேண்டும். சாதாரணச் சரக்கேற்றுவோருக்குத் தவணை 60 நாள். ஆயினும் இவ்வாறு தரம் பெற்றவை சிலவே. பெரும்பாலான கம்பெனிகளின் வாயிலை அதிகாரி மிதித்ததேயில்லை.

இம்முறையைப் பலர் குறை கூறினர், அக்குறைகள் பொய்யல்ல. நூறு லாரி உள்ளவன் கணக்கில் இரண்டு குற்றம் மறைந்துவிடும். இரண்டே லாரி உள்ளவனை அதே இரண்டு குற்றம் அடிமட்டத்திற்குத் தள்ளும். ஓரமாய் நிறுத்திய லாரியிற் குடிவெறியன் ஒருவன் வந்து மோதினாலும், அவ்விபத்து லாரிக்காரன் பேரிலேயே எழுதப்பட்டது. காங்கிரசின் தணிக்கை அலுவலகம் 2014-இல் ஆராய்ந்து, பெரும்பாலான குற்றங்கள் மிக அரிதாகவே பதிவாவதால் அவற்றிற்கும் விபத்திற்குமுள்ள தொடர்பை உறுதி செய்தல் இயலாதெனக் கூறிற்று. 2015 டிசம்பர்ச் சட்டம், சரக்குக் கம்பெனிகளின் இவ்வரிசை எண்ணைப் பொதுமக்கள் பார்வையினின்று நீக்கிவிட்டது. தடுத்திருக்கவியலாத விபத்துக்களைப் பிரித்தறியும் ஏற்பாடு 2017-இற் சோதனையாகத் தொடங்கி 2020 முதல் நடைபெறுகின்றது.

பேர் மாற்றித் தப்பும் தந்திரத்தையும் சொல்லாமல் விடல் தகாது. இது லாரிக்கும் பஸ்ஸுக்கும் பொது. 2008 ஆகஸ்டில் டெக்ஸாஸ் மாகாணத்து ஷெர்மன் நகரருகே, யாத்திரிகர் சென்ற பஸ் ஒன்று முன்சக்கர டயர் பழுதுற்றுப் பாலத்தினின்று வீழ்ந்து 17 பேர் மாண்டனர். பஸ்ஸின் முன்சக்கரத்தில் இடலாகாதென்று சட்டம் விலக்கிய ரீட்ரெட் டயர் அதில் இருந்தது. அதன் உரிமையாளரின் கம்பெனியை நிர்வாகம் அதற்குச் சில வாரங்களுக்கு முன்னரே தடை செய்திருந்தது. வேறு பெயரிற் புதிய கம்பெனியாகப் பதிந்துகொள்ள முற்பட்டு, அவர் வண்டியை விட்டுக்கொண்டிருந்தார். கணக்கு கம்பெனியின் எண்ணைப் பின்தொடர்ந்தது; மனிதனைப் பின்தொடரவில்லை.

இனி உறக்கத்திற்கு மீள்வோம். 2017 டிசம்பரிற் காகித ஏட்டிற்கு முடிவு வந்தது. எஞ்சினோடு இணைந்து, வண்டி நகர்ந்தவுடன் தானே நேரம் பதியும் மின்சாரக் கருவி, நெடுந்தூர லாரிகளுட் பெரும்பாலனவற்றிற்குக் கட்டாயமாயிற்று. 80 ஆண்டுப் பொய் ஓரிரவில் அடங்கியது என்னலாம். நேர மீறல்கள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் இதனை ஆராய்ந்த பொருளியல் அறிஞர், விபத்துக்கள் குறைந்தமைக்குச் சான்று காணவில்லை. சிறு கம்பெனிகளின் டிரைவர்கள் முன்னினும் வேகமாய் ஓட்டிப் பிடிபட்டனர் என்பதையே கண்டனர். ஏட்டில் ஒளிக்கமுடியாத மணியை அவர்கள் சாலையில் மீட்க முயன்றனர் போலும்.

அம்மணி எங்கே போயிற்று? 2004 முதல் நடப்பிலுள்ள விதிப்படி, டிரைவர் 10 மணி ஓய்வின் பின் வேலை தொடங்கிய கணத்திலிருந்து 14 மணிக்குள் தன் 11 மணி ஓட்டத்தை முடிக்கவேண்டும். படுக்கையிற் பிரித்துக் கொள்ளும் ஓய்வு முதலிய சில விலக்குகள் ஒழிய, அப்பதினான்கு நிற்பதேயில்லை. கிடங்கு வாயிலில் பாரம் ஏற்றவோ இறக்கவோ நான்கு மணி காத்திருந்தால், அந்நான்கும் அதிற் கழியும். காக்கவைத்த கிடங்குக்காரர் மீது இந்நிர்வாகத்தின் நேர விதி செல்லாது. மைல் கூலிக்காரனுக்கு அந்நேரத்திற்குப் பெரும்பாலும் காசுமில்லை. போக்குவரத்து இலாகாவின் தணிக்கை அதிகாரி 2018 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை, இவ்வாறு தங்கும் நேரம் சராசரி 15 நிமிஷம் கூடினால் விபத்து நூற்றுக்கு 6.2 வீதம் கூடுமென மதிப்பிட்டது. பெரிய லாரிகள் சம்பந்தப்பட்ட விபத்துக்களில் 2021, 2022 ஆகிய ஆண்டுகள் ஒவ்வொன்றிலும் அந்நாட்டில் 5,000 பேருக்கு மேல் மாண்டனர். ஏழு பிரிவுகள் கொண்ட அக்கணக்கிற் கிடங்கு வாயிலுக்கென ஒரு பிரிவு வகுக்கப்படவில்லை.