பிரட்டுக்களத்து வெள்ளைத் துணி

இலங்கையின் சப்ரகமுவத் தோட்டங்களில் இருட்டுக்கு ஒருநாளும் பஞ்சமில்லை. இரத்தினபுரி, கேகாலைப் பக்கத்து ரப்பர் மரங்களுக்கு நடுவே கிடந்த தொழிலாளர் லயங்களில் பொழுது சாய்ந்ததும் குப்பி லாம்பு ஏற்றியாக வேண்டும். தோட்டத் தொழிற்சாலையான ஸ்டோரில் என்ஜினோ நீர்ச்சக்கரமோ ஓடி விளக்கெரியும். அங்கிருந்து தொரை பங்களாவுக்கு ஒரு கம்பி போகும். லயத்துக்கு வராது. பல லயங்கள் மின்சாரத்தைக் கண்டது 1990களில்தான், சில அதற்கும் பிந்தி. ஆகவே தோட்டத்தில் படம் காட்டிய கதை, வெளிச்சத்தை எங்கிருந்து கொண்டுவருவது என்ற கதைதான்.

திரைக்கும் கொக்கிப்புழுவுக்கும்கூட இதில் ஒரு தொடர்பு உண்டு. ராக்ஃபெல்லர் அறக்கட்டளை 1916 முதல் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பில் இறங்கியது. அந்த இயக்கம் பல நாடுகளிலும் நம்பியிருந்த பிரசாரக் கருவி மாய விளக்கு: பின்னால் சுடர், நடுவில் படம் வரைந்த கண்ணாடி, முன்னால் வில்லை. டச்சு அறிஞர் ஹைகன்ஸ் 1659-இல் செய்து பார்த்த அதே ஏற்பாடு. 1920-இல் அறக்கட்டளையே கொக்கிப்புழுவைப் பற்றி ஒரு திரைப்படமும் எடுத்தது.

தோட்டத்தைப் படம் பிடிக்க வந்தவர்களும் உண்டு. இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபையின் பணத்தில் பேசில் ரைட் எடுத்த 'சாங் ஒஃப் சிலோன்' 1934-இல் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது. பறித்தவர்கள் திரையில் இருந்தார்கள், குடிப்பவர்கள்தான் பார்வையாளர்கள்.

தோட்டத்துத் திறந்தவெளியில் படம் காட்ட வழிவிட்டது 16 மில்லிமீட்டர் பிலிம். கொடாக் கம்பெனி 1923-இல் கொண்டுவந்த இந்தச் சுருள், எளிதில் தீப்பற்றும் பழைய நைட்ரேட் பிலிமைப் போன்றதல்ல. கருவியும் கையில் தூக்கிப்போகும் அளவுதான். வேன், ஜெனரேட்டர், இரண்டு கம்பம், ஒரு வெள்ளைத் துணி இருந்தால் போதும். காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக்களம் இரவில் கொட்டகையாகிவிடும். மாசியில் காமன் கூத்துக்கு விடிய விடிய விழித்திருக்கத் தெரிந்த சனத்துக்கு இரண்டரை மணி நேரப் படம் ஒரு பொருட்டா? துணிக்குப் பின்னால் உட்கார்ந்தவர்களுக்கும் படம் தெரியும், என்ன, எழுத்துகள் திரும்பியிருக்கும், எம்.ஜி.ஆர். இடக்கையால் வாள் வீசுவார். அவர் கண்டியில் பிறந்தவர் என்ற உரிமை மலையகத்துக்கு எப்போதும் உண்டு. ஒரேயொரு தொல்லை மழை. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. மழையென்றால் பால்வெட்டும் இல்லை, படமும் இல்லை. மழை இல்லாவிட்டாலோ விடிவதற்குள் மரத்தடிக்குப் போக வேண்டும், வெயில் ஏறினால் பால் வடியாது.

தோட்டத்து மனிதர்கள் தங்களையே தமிழ்த் திரையில் பார்க்கவும் காலம் வந்தது. 1960களின் தொடக்கத்தில் 'தோட்டக்காரி', 1975-இல் தொழிற்சங்கத் தலைவர் வி.பி. கணேசனின் 'புதிய காற்று'. பின்னதற்கு எழுதியவர் தெளிவத்தை ஜோசப். லயத்து வாழ்வை உள்ளிருந்து அறிந்த எழுத்தாளர். அதே 1975-இல் வெளிநாட்டுக் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாயின.

பிறகு தமிழருக்கு எதிரான வன்முறை. 1977, 1981, 1983. இதில் 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்ட லயங்கள் குறிவைத்துத் தாக்கப்பட்டன. அந்த நாட்களில் இரவில் வெளிக்களத்தில் கூட யாருக்கும் மனம் வந்திருக்காது.

இதற்கிடையில் 1977-இல் இறக்குமதி திறந்துவிடப்பட, வீடியோ டெக் வந்து சேர்ந்தது. அரசுத் தொலைக்காட்சியான ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் தொடங்கியது. டவுனிலிருந்து டெக்கும் டீவியும் வாடகைக்கு வரும், கூடவே நாலைந்து கெசட். கொடுத்த வாடகைக்கு ஒரே இரவில் எல்லாவற்றையும் பார்த்து முடிக்க வேண்டும். கறுப்பு வெள்ளை டீவியை வாகன பேட்டரியில் ஓட்டியவர்களும் உண்டு. துணித்திரை இருபது அங்குலமாகச் சுருங்கியது.

அதை மறுபடி சுவரளவுக்கு விரிக்கும் வித்தைதான் இன்று பழைய லெப்டொப்பைப் புரொஜெக்டராக்குவது. திரைப்பலகையைக் கழற்றி, முதுகிலுள்ள வெள்ளைத் தாள்களையும் விளக்கையும் நீக்கினால் எஞ்சுவது, படம் மாறிக்கொண்டே இருக்கும் ஒரு கண்ணாடி. பின்னால் 100 வாட் எல்.ஈ.டி., ஒளியைக் குவிக்க வரிவரியான பிரெனல் வில்லை, முன்னால் உருப்பெருக்கும் வில்லை. ஹைகன்ஸின் பெட்டியேதான். படம் தலைகீழாக விழும், பலகையைத் திருப்பி வைக்க வேண்டும். சூட்டில் பலகை கறுத்துவிடும் என்பதால் மின்விசிறியும் தேவை. உள்ளே போகும் ஒளியில் பத்தில் ஒரு பங்குகூடப் பலகையைக் கடந்து வராது. சுற்றிலும் நல்ல இருட்டு வேண்டும். அதுதான் தோட்டத்தில் இருக்கிறதே.

சிக்கல் கரண்டை நம்பியிருக்கும் அந்த 100 வாட்டில். 2022 மார்ச் முடிவில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் போனது. பேட்டரியில் உயிர் மிச்சமிருக்கும் லெப்டொப் அப்போதும் படத்தை ஓட்டிக்கொண்டே இருக்கும், பாட்டு கேட்கும், சண்டை கேட்கும். சுவரில் ஒன்றும் இருக்காது.