டஸ்ட் என்கிற தரம்

எங்கள் டீமில் நாணயம் சேர்க்கிற நண்பன் ஒருத்தன் இருக்கான். அவன் மேஜையில் ஒரு பழைய அமெரிக்க வெள்ளி டாலர், சீல் வைத்த பிளாஸ்டிக் உறைக்குள். உறையின் மேல் எம்எஸ் 63 என்று மார்க். "இது தொண்ணூறுகள்ல போட்ட 63. இன்னைக்குத் திருப்பி அனுப்பினா 64 கிடைக்கலாம்" என்றான். காசு அதே காசுதான். உறைக்குள் காற்றுகூடப் படாமல் கிடந்தது. அப்புறம் எப்படி மார்க் ஏறும்?

1949-ல் வில்லியம் ஷெல்டன் என்கிற அமெரிக்க உளவியலாளர் பழைய செப்பு சென்ட்டுகளுக்காக 1 முதல் 70 வரை ஓர் அளவுகோல் போட்டார். தேய்ந்து அடையாளம் மட்டும் மிஞ்சிய காசு ஒரு பங்கு விலை போனால், அப்பழுக்கில்லாதது எழுபது பங்கு போகும். அதாவது, தரம் என்று அவர் எழுதிவைத்தது அன்றைய விலையைத்தான். சீக்கிரமே விலைகள் அந்தக் கணக்கை விட்டு ஓடிவிட்டன, எண்கள் மட்டும் தங்கிவிட்டன. பிசிஜிஎஸ் 1986-லும் என்ஜிசி 1987-லும் வந்து, காசுக்கு மார்க் போட்டு உறையில் அடைப்பதையே தொழிலாக்கின. வருஷம் போகப்போக கை தாராளமானது என்பது சேகரிப்பாளர்களின் புகார். அதனால் பழைய உறையில் இருக்கிற காசுக்குக் கூடுதல் விலை தருகிறவர்கள் இருக்கிறார்கள்.

இதைக் கேட்டதும் எனக்கு எங்க ஊர் தேயிலைதான் ஞாபகம் வந்தது. நான் கோத்தகிரிக்காரன். தேயிலைக்கும் காசுக்கும் நேரடிச் சம்பந்தமே உண்டு. டீ ருசி பார்க்கிறவர்கள் ஒரு கோப்பைக்குப் போடுகிற தூளின் அளவு சுமார் 2.8 கிராம். அது பழைய பிரிட்டிஷ் ஆறு பென்ஸ் காசின் எடை. தராசின் ஒரு தட்டில் காசு, மறு தட்டில் தேயிலை. (தேய்ந்த காசை வைத்தால் டீ கொஞ்சம் லைட்டாகத்தான் இருந்திருக்கும்.)

தேயிலையில் கிரேடு என்றால் ருசி என்று பலர் நினைக்கிறார்கள். அடிப்படையில் அது சல்லடைக் கணக்கு. பெரிய இலைக்கு ஒரு பெயர், உடைந்ததற்கு ஒரு பெயர், கடைசிச் சல்லடையிலும் விழுந்துவிடுகிற பொடிக்கு டஸ்ட். மேல்தட்டில் 'ஆரஞ்சு பீக்கோ' இருந்தது. பீக்கோ என்பது கொழுந்தின் வெள்ளைப் பூமுடியைக் குறிக்கும் சீனச் சொல்லிலிருந்து வந்தது. பிறகு அதற்கு முன்னால் 'ஃப்ளவரி' சேர்ந்தது. அப்புறம் 'கோல்டன்', 'டிப்பி', 'ஃபைனஸ்ட்', 'ஸ்பெஷல்'. கடைசியில் எஸ்எஃப்டிஜிஎஃப்ஓபி என்று ஏழெழுத்து ரயில்வண்டி. அதில் எஃப்டிஜிஎஃப்ஓபி என்றால் 'சாதாரண ஆளுக்கு ரொம்ப ஓவர்' என்று டீக்காரர்களே விரித்துச் சிரிப்பார்கள். எல்லாருக்கும் 'ஃபைனஸ்ட்' கிடைத்துவிட்டால் அதற்கு மேலே ஒன்று கண்டுபிடித்துத்தானே ஆகணும்? ஆபீஸ் அப்ரைசல் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

கீழே நடந்ததுதான் எனக்குப் பிடித்த கதை. 1930-ல் அஸ்ஸாமில் வில்லியம் மெக்கெர்ச்சர் சிடிசி இயந்திரத்தைக் கொண்டுவந்தார். பல் வைத்த இரண்டு உருளைகள் இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டித் தள்ளும். பின்னாளில் நீலகிரியின் ஃபேக்டரிகளில் பெரும்பாலானவை அந்தப் பக்கம் போயின. நம்ம டீக்கடைக்காரருக்கு வேண்டியதும் பொடிதான். துணி ஃபில்டரில் கொட்டி வெந்நீர் ஊற்றினால் சட்டென்று நிறம் இறங்கணும், ஒரு கிலோவில் நிறைய கிளாஸ் வரணும். சல்லடையின் அடியில் கிடந்த டஸ்ட் இங்கே தலைச் சரக்கானது. 1963-ல் தொடங்கிய குன்னூர் ஏலத்தில் இலைக்கு ஒரு பட்டியல், டஸ்ட்டுக்குத் தனிப் பட்டியல். அதற்கும் அடைமொழிகள் முளைத்தன: ரெட் டஸ்ட், சூப்பர் ரெட் டஸ்ட். லண்டன் தேயிலை ஏலம் 1679-ல் ஆரம்பித்து 1998 ஜூன் 29-ல் நின்றுபோனது. குன்னூரில் இன்னும் வாராவாரம் நடக்கிறது.

ஆனால் பெயர் மாறுவது ஏலத்தோடு முடிவதில்லை, தோட்டம் வரைக்கும் வரும். எங்களுக்கு ஒரு ஏக்கர் சொச்சம் இருக்கு. ரூபாய் வர்த்தகத்தில் சோவியத் யூனியன் நீலகிரித் தேயிலையை அள்ளிக்கொண்டிருந்த காலத்தில், கத்தரி போட்டு வெட்டிய முத்தல் இலையும் எடைக்குப் போனது. 'ரெண்டு இலை ஒரு கொழுந்து' என்பது பாடப் புத்தகத்தில் இருந்தது. 1991-ல் சோவியத் உடைந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் விலை விழுந்ததும் அதே இலை திடீரென்று 'மட்டம்' ஆகிவிட்டது. பச்சை இலைக்கு என்ன விலை என்பதை ஏல விலையோடு முடிச்சுப் போடுகிற மத்திய அரசின் தேயிலை விற்பனைக் கட்டுப்பாட்டு ஆணை 2003-ல்தான் வந்தது. ஒரு கிலோ தூளுக்கு நாலு, நாலரை கிலோ பச்சை இலை வேணும். அதனால் ஏலத்தில் சின்ன அசைவு வந்தாலும் வீட்டில் தெரியும்.

அப்பா எல்லா ரசீதையும் கம்பியில் குத்தி வைத்திருப்பார். போன பொங்கலுக்குப் போனபோது எடுத்துப் பார்த்தேன். எண்பதுகளின் சீட்டில் எடை, ஈரத்துக்குக் கழிவு, தொகை, அவ்வளவுதான். இரண்டாயிரத்துக்குப் பிறகு இன்னொரு கட்டம் வந்திருக்கிறது: நல்ல இலை எத்தனை சதவீதம். டேபிளில் புது காலம் சேர்த்தால் பழைய வரிசைகள் என்ன ஆகும் என்கிற கேள்வி எனக்குத் தொழில்ரீதியாகவே வரும்.

"இந்த 55 எப்படிப்பா வந்துச்சு?"

"மாதிரி எடுத்து, ஒடிச்சுப் பார்த்து, கொழுந்து தனியா முத்தல் தனியா எடை போடணும். ஆனா கேட்ல இருந்த பையன் சாக்குக்குள்ள கையை விட்டான், ஒரு பிடி எடுத்தான், என் மூஞ்சியப் பார்த்தான், எழுதினான்."

"நீங்க ஒண்ணும் கேக்கலையா?"

"பின்னாடி பதினேழு சாக்கு நின்னுது. மழை வேற."