அரணும் ஆக்கமும்

போர்க்கலை வரலாறு என்றவுடன் கோட்டையும் அகழியும் யானையும் குதிரையும் நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. நொச்சி எனவும் உழிஞை எனவும் திணை வகுத்துப் போரைப் பாடிய மொழி நம்முடையது. ஆதலின் மதில் காத்தலும் மதில் வளைத்தலும் நமக்குப் புதியன அல்ல. இன்று நான் கூறவிருப்பதும் மதில் காத்த கதையே. ஆயின் இம்மதில் எழுந்தது மண்ணில் அன்று, கணினித் திரையில். எழுப்பியோரும் மன்னர் அல்லர், தென் கொரிய நாட்டு இளைஞர். விளையாட்டுக்கும் வரலாறு உண்டோ என முகஞ்சுளிப்போர் இருக்கலாம். சதுரங்கத்தின் தொடக்க நகர்வுகளை நூற்றாண்டுக் கணக்காக ஏட்டில் எழுதிக் கற்றுவரும் உலகம், இதனை மட்டும் ஒதுக்குதல் முறையன்று என்பது என் கருத்து.

1998ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அமெரிக்காவின் பிளிஸார்ட் நிறுவனம் ‘ஸ்டார்கிராப்ட்’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. அவ்வாண்டின் இறுதியில் ‘புரூட் வார்’ என்னும் அதன் விரிவுப் பகுதியும் வந்தது. சதுரங்கத்தில் ஒருவர் காயை நகர்த்தும்வரை மற்றவர் காத்திருப்பார். இதிலோ இருவரும் ஒரே வேளையில் இயங்குவர். சிந்திக்கும் நேரமும் இங்கே செலவாகும் பொருளே.

கொரியா 1997ஆம் ஆண்டின் இறுதியில் பன்னாட்டு நாணய நிதியத்திடம் கடன் கேட்கும் அளவுக்குப் பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்திருந்தது. வேலையற்ற இளைஞர் குறைந்த செலவிலே பொழுதுபோக்க இடந்தேடிய அந்நாட்களில், ‘பீ.சி. பாங்’ எனப்படும் கணினி அறைகள் தெருவுக்குத் தெரு முளைத்தன. அவ்வறைகளிலே இவ்விளையாட்டு வேரூன்றியது. 2000ஆம் ஆண்டளவில் இதற்கெனத் தனித் தொலைக்காட்சி அலைவரிசையும் வீரர்களைப் பதிவுசெய்யும் சங்கமும் தோன்றின. பதினாறு, பதினேழு வயதுச் சிறுவர் சம்பளம் பெற்றுக் குழுவாகத் தங்கிப் பயிலலாயினர். பாடசாலை அதிபர் என்ற முறையில் இதனை நான் முழுமனத்தோடு மெச்சுகிறேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவர்கள் உழைத்த உழைப்பை இகழவும் என்னால் இயலாது.

இனி விளையாட்டின் இயல்பைச் சற்று விளக்கவேண்டும். ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் தொடக்கத்தில் ஒரு தலைமை மனையும் நான்கு தொழிலாளரும் 50 அலகு கனியமும் உண்டு. தொழிலாளர் கனியத்தைத் தோண்டிக் கொணர்வர். அதனைக்கொண்டு மேலும் தொழிலாளரை ஆக்கலாம், படை திரட்டலாம், அன்றி வேறிடத்தில் இரண்டாவது மனை ஒன்றை அமைக்கலாம். இரண்டாம் மனை அமைத்தவன் நாளடைவில் இருமடங்கு செல்வனாவான். ஆனால் அதனைக் கட்டும் வேளையில் அவனிடம் படை இராது. அவ்வேளையிலே பகைவன் வந்தால் செல்வம் சேருமுன் ஊரே சூறையாடப்படும்.

மூன்று இனங்களுள் புரொட்டோஸ் இனத்தாருக்கு இவ்விடர் மிகப் பெரிது. அவர்தம் பகைவராகிய ஸெர்க் இனத்தாருக்கு மனையே பாசறையுமாகும். மனையில் தோன்றும் முட்டைப்புழு ஒன்றைத் தொழிலாளியாக்கவும் போர்வீரனாக்கவும் அவர்களால் இயலும். அவர்கள் மனை பெருக்கினால் செல்வமும் படையும் ஒருங்கே பெருகும். அன்றித் தம் வளர்ச்சியை முற்றாகத் துறந்து, தொடக்கத்திலேயே மூன்று புழுக்களை ஆறு குட்டிவீரராக்கிப் பகைவன் வாயிலில் நிறுத்தவும் கூடும். எனவே புரொட்டோஸ் ஆட்டக்காரர் ஆரம்ப ஆண்டுகளில் முதலிற் பாசறைகளையே கட்டினர், ஒற்றை மனையிலேயே நெடுநேரம் ஒடுங்கிக் கிடந்தனர். உயிர் தப்பினும் வறுமையிலிருந்து தப்பவில்லை.

இதற்கு மாற்றாகப் பயின்று வந்ததே நாம் கருதும் தொடக்கம். புறவாயிலில் முதலில் ஒரு தூண் நடுவர். அத்தூணின் ஆற்றலாலேயே பிற கட்டடங்கள் இயங்கும். அடுத்து உலைக்கூடம், அதன்பின் பீரங்கிகள், அவற்றின் அரவணைப்பில் இரண்டாவது மனை. கட்டடங்களையே நெருக்கி அடுக்கி வழியைக் குறுக்குவதால் அவை சுவராகவும் பயன்படும். இனிக் கணக்கைப் பாருங்கள். உலைக்கூடம் 150 கனியம், பீரங்கி ஒன்று 150, மனை 400. இரு பீரங்கிகளோடு உலைக்கூடமும் சேர்ந்தால் 450 ஆகிவிடும். காக்கும் வேலி, காக்கப்படும் வீட்டினும் விலை மிக்கதாகிவிடுகிறது! மேலும் பீரங்கி இருந்த இடம்விட்டுப் பெயராது. பகைவன் வாராவிடின் அது வெறுமனே நின்றுகொண்டிருக்கும். தூண் வீழ்ந்தாலோ அதுவும் ஊமையாகிவிடும்.

ஆகவே இத்தொடக்கத்தின் நுட்பம் அரண் கட்டுவதில் இல்லை, எத்துணைக் குறைவாகக் கட்டலாம் என்று அறிவதிலேயே உள்ளது. அதற்கு ஒற்று வேண்டும். தொழிலாளி ஒருவனைப் பகைவன் ஊருக்கு அனுப்பி நோக்குவர். அவனும் மனை பெருக்குவதிலே முனைந்திருந்தால் இவர் உலைக்கூடத்தைப் பின்தள்ளி மனையை முந்திக் கட்டலாம். அவன் படை திரட்டினால் மனையைப் பின்தள்ளிப் பீரங்கியை முந்தி எழுப்பவேண்டும். சில விநாடி பிழைத்தாலும் ஆட்டம் முடிந்துவிடும்.

இம்முறையைத் தனியொருவர் கண்டுபிடித்தார் என்று சொல்வதற்கில்லை. எனினும் இதனை ஒரு கலையாக வளர்த்த பெருமை, ‘கனவு காண்பவர்’ என இரசிகர் அழைத்த காங் மின்னுக்கு உரியது. அவருடைய ஆட்டத்தைக் ‘காவல்வழிப் புரொட்டோஸ்’ என்று கொரியர் பெயரிட்டனர். பொறுமையாகக் காத்து, பொருள் சேர்த்து, இறுதியில் பெரும்படையோடு புறப்படுவது அவர் வழி. ஆனால் அவ்வழியிலும் ஒரு குறை இருந்தது. சுவருக்குள் இருப்பவன் வெளியே வரமாட்டான் என்பதைப் பகைவனும் அறிந்துகொண்டான். தாக்குதலுக்கு அஞ்ச வேண்டாத ஸெர்க் ஆட்டக்காரன், குட்டிவீரரை ஆக்குவதை விடுத்துப் புழுக்களையெல்லாம் தொழிலாளராக்கினான், மூன்றாவது மனையும் கட்டினான். காவல் இவனைக் காத்தது உண்மையே, ஆனால் அவனையும் அல்லவோ வளர்த்துவிட்டது!

இந்தக் குறையை நன்கு பயன்படுத்தியவர்களுள் தலைசிறந்தவர் மா ஜே-யூன். 2005, 2006ஆம் ஆண்டுகளில் மூன்று முறை எம்.எஸ்.எல். வாகை சூடிய இவர், 2007 பெப்ரவரி இறுதியில் மற்றைப் பெருந்தொடராகிய ஓ.எஸ்.எல். பட்டத்தையும் வென்றார். ஒரு வாரம் கழித்து, மார்ச் 3ஆம் நாள், எம்.எஸ்.எல். இறுதியாட்டம். எதிர்த்து நின்றவர் அரையிறுதியிலே காங் மின்னையே வென்றுவந்த கிம் தேக்-யொங் என்னும் பதினேழு வயதுப் புரொட்டோஸ் வீரர். அவர் வெல்வார் என எதிர்பார்த்தோர் மிகச் சிலரே.

கிம்மும் அரண் கட்டியே தொடங்கினார். வேறுபாடு அதன்பின் நிகழ்ந்தது. அரண் தந்த அவகாசத்தை அவர் பொருள் சேர்ப்பதில் மட்டும் செலவிடவில்லை. கோர்சேர் என்னும் விரைவு விமானங்களைச் செய்து ஸெர்க் வானத்துக்கு அனுப்பினார். அங்கே மெல்ல மிதந்து திரியும் ஓவர்லோட் என்னும் உயிர்களுக்கு இரு கடமைகள் உண்டு. அவை இருந்தாலன்றிப் புதிய படை பிறவாது. கட்புலனாகாப் பகைவரைக் காட்டிக்கொடுப்பனவும் அவையே. விமானங்கள் அவற்றை வேட்டையாடின. அதே வேளையில் பகைவன் என்ன கட்டுகிறான் என்பதையும் வானிலிருந்தே கண்டன. காவற்கண் குருடானபின் கண்ணுக்குப் புலப்படா ‘இருள் வீரர்’ உள்ளே புகுந்து தொழிலாளரை வெட்டி வீழ்த்தினர். சுவருக்குள் அடங்கியிருப்பான் என்று எண்ணப்பட்டவன் பகைவனைத் தன் ஊரிலேயே அடைத்துவிட்டான். மூன்று ஆட்டங்களில் மூன்றையும் கிம் வென்றார். மூன்றாம் மாதம் மூன்றாம் நாள் நிகழ்ந்தமையால் கொரியர் இதனை ‘மூன்று மூன்று புரட்சி’ என்பர். பின்னர் அவர் மேலும் இருமுறை எம்.எஸ்.எல். பட்டம் வென்றார். அவர் காட்டிய வரிசை பிற புரொட்டோஸ் வீரர்க்கெல்லாம் பாடமாயிற்று.

தோற்ற மா ஜே-யூனின் பிற்கதை இரங்கத்தக்கது. 2010ஆம் ஆண்டில், சூதாட்டக்காரருக்காக ஆட்டங்களைக் கூலிக்குத் தோற்ற வழக்கில் அவர் பெயரும் வெளிப்பட்டது. நீதிமன்றம் அவரைக் குற்றவாளியெனக் கண்டது. சங்கம் அவரை என்றென்றைக்கும் விலக்கியது. பத்தொன்பது வயதில் ஒரு நாடே வியந்த மதிநுட்பம், இருபத்துமூன்று நிரம்புமுன் அவ்வாறு அழிந்தது. சிறுவர்க்குப் புகழையும் சம்பளத்தையும் தந்த பெரியோர், அவர்களைச் சூழ்ந்த சூதாடிகளைத் தடுக்க அதே விழிப்பைக் காட்டினரா என்ற கேள்வி என் மனத்தில் எழாமலில்லை.

2010ஆம் ஆண்டு ஜூலையில் ‘ஸ்டார்கிராப்ட் 2’ வெளிவந்தது. உலைக்கூடத்தை முந்திக் கட்டும் வழக்கம் அதற்கும் சென்றது. 2015ஆம் ஆண்டில் தொடக்கத் தொழிலாளர் தொகையை ஆறிலிருந்து பன்னிரண்டாக உயர்த்தியதும், நாம் இதுவரை பேசிய அந்த முதற் சில நிமிடங்களின் அச்சமும் ஆராய்ச்சியும் பெரிதும் சுருங்கிப்போயின. பழைய விளையாட்டின் தொலைக்காட்சித் தொடர்கள் 2012ஆம் ஆண்டோடு நின்றன. ஆனால் 2017இல் அதன் படங்களைத் துலக்கி மறுபடி வெளியிட்டபோது, ஆட்ட விதிகளை மட்டும் ஒருவரும் தொடவில்லை. அதில் உலைக்கூடத்தின் விலை 150தான், மனையின் விலை 400தான். எதனை முதலில் கட்டுவது என்பதை, வேவுக்குச் சென்ற அந்த ஒற்றைத் தொழிலாளி கண்ட காட்சியே தீர்மானிக்கிறது.