கொழுந்து என்ற சொல்லும் பிடிஎஃப் என்ற பெட்டியும்

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கங்க மக்களே. நடுவுல கம்ப்யூட்டர் சமாச்சாரமும் வரும். பொட்டி தட்டுறவன் வேற எதைப் பத்தி எழுதப் போறேன்?

போன குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்டுட்கார்ட்டில் பனி கொட்டிக்கொண்டிருந்த நேரம், சின்னக்கானலில் இருந்து தங்கச்சி போன் பண்ணினாள். "அண்ணே, அப்பா எழுதின குடும்பக் கணக்கு உன்கிட்டதான இருக்கு? கீழ்லயத்து மதினி மகளுக்குச் சாதிச் சான்றிதழ் கேக்குறாங்க. அவுக தாத்தா எந்த வருசம் மலையேறினாருன்னு அதுல இருக்குமாம்."

எங்க பக்கத்து ஆட்களுக்கு இது புரியும், மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாறு அரச குடும்பத்திடம் மூணாறு மலையைக் குத்தகைக்கு வாங்கிய பிறகு, தேயிலை பெருகப் பெருகத் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து சனங்கள் கங்காணிகளோடு மலையேறினார்கள். 1956 நவம்பர் 1இல் மாநிலம் பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றுவிட்டன. பட்டியல் சாதிச் சான்றிதழுக்குக் கணக்கு வைக்கும் தேதியோ 1950 ஆகஸ்ட் 10, அதாவது குடியரசுத் தலைவர் ஆணை வந்த நாள். அன்றைக்கு முன்னோர் இங்கேதான் இருந்தார்கள் என்று காட்ட வேண்டும். லயத்தில் பிறந்து லயத்திலேயே செத்தவர்களுக்கு என்ன பத்திரம் இருக்கும்? எங்கப்பா எஸ்டேட் பள்ளிக்கூடத்து வாத்தியார். எந்த வீட்டுக்காரர் எந்த ஊர், எந்த வருசம், எந்தக் கங்காணி கூட வந்தார் என்று கிழவர்களைக் கேட்டுக் கேட்டு நீள நோட்டில் எழுதி வைத்திருந்தார். அது அரசாங்கப் பத்திரம் இல்லைதான். ஆனால் எந்த எஸ்டேட்டின் பழைய பேரேட்டில் போய்த் தேடலாம் என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம்.

2004 லீவில் ஊருக்குப் போனபோது அந்த நோட்டை நான்தான் தட்டச்சினேன். 2006இல் அப்பா இன்னும் சில குடும்பங்களைச் சேர்த்துச் சொல்ல, மறுபடி புதிதாக அடித்தேன். ரெண்டு தடவையும் எடிட்டரில் அடித்து, பிடிஎஃப் ஆக்கி, "இனி இது அழியாதுப்பா" என்று பெருமையாகச் சொன்னேன். 2018 ஆகஸ்ட் மழையில் கூரை ஒழுகி நோட்டு கூழாகிப் போனது. எடிட்டர் கோப்புகள் இருந்த ஹார்ட் டிஸ்க் அதற்கு முன்னமே மண்டையைப் போட்டுவிட்டது. மிச்சம் ரெண்டு பிடிஎஃப்.

திறந்தேன். ரெண்டும் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தன. மதினியின் மாமனார் பேரைத் தேடினேன். ஒன்றும் இல்லை. "கொழுந்து" என்று தேடினேன். பக்கத்துக்குப் பத்து இடத்தில் கண்ணெதிரே இருக்கிறது, தேடினால் பூஜ்யம். அப்போதுதான் உறைத்தது, நான் இருபது வருசமாகப் பத்திரப்படுத்தியது எழுத்து இல்லை, எழுத்தின் படம்.

இதில் பிடிஎஃப் மேல் தப்புச் சொல்ல முடியாது. அடோபியின் ஜான் வார்னாக் 1991இல் கேமலாட் என்ற பெயரில் திட்டம் போட்டதே, எந்தக் கணினியில் திறந்தாலும், எந்த அச்சுப்பொறியில் போட்டாலும் பக்கம் ஒரே மாதிரித் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான். 1993இல் வெளிவந்தது. உள்ளே இருப்பது "இந்த எழுத்துருவில் 47ஆம் உருவத்தை இந்த இடத்தில் வரை" என்கிற மாதிரிக் கட்டளைகள். அந்த உருவம் எந்த எழுத்து என்பது தனிக்கணக்கு. ஆங்கிலத்தில் உருவமும் எழுத்தும் பெரும்பாலும் ஒன்றுக்கு ஒன்று, அதனால் யாருக்கும் வலிக்கவில்லை. நமக்கு வலித்தது.

2004 கோப்பு திஸ்கியில் அடித்தது. அந்தக் காலத்து ஆட்களுக்கு இந்தப் பேரைக் கேட்டாலே கண் கலங்கும். தொண்ணூறுகளில் ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கு ஒரு குறியீடு. ஒருத்தர் அனுப்பும் மடல் இன்னொருத்தருக்குப் பூச்சி பூச்சியாகத் தெரியும். உலகமெங்கும் சிதறிக் கிடந்த தமிழர்கள் மின்மடலிலேயே மல்லுக்கட்டி உருவாக்கியது திஸ்கி. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாம், டாப் என்று வேறு ரெண்டைத் தேர்ந்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் நூல்களைத் திஸ்கியிலும் பிடிஎஃப்பிலும் கொடுத்தது. சுவிட்சர்லாந்தின் லொசானில் இருந்துகொண்டு கல்யாணசுந்தரம் அதை நடத்தினார். எழுத்துரு நிறுவத் தெரியாதவனும் சங்க இலக்கியம் படித்தது அந்த பிடிஎஃப் புண்ணியத்தில்தான்.

திஸ்கியின் சூட்சுமம் எளிமையானது. 256 இடங்களில் முதல் 128 ஆங்கிலத்துக்கு, மேல்பாதி தமிழுக்கு. கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிக்கும். "கொ" என்றால் முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். கணினி அதை ஐரோப்பிய எழுத்து என்று நினைத்துக்கொண்டிருக்கும், எழுத்துரு மட்டும் தமிழ் வேஷம் கட்டும். என் பிடிஎஃப்பில் இருந்து நகலெடுத்தபோது, தலையில் புள்ளியும் தொப்பியும் வைத்த பிரெஞ்சு, ஜெர்மன் எழுத்துக்களாக வந்து விழுந்தன. பார்க்கக் கன்றாவி. ஆனால் ஒவ்வொன்றும் ஒரே ஒரு தமிழ் உருவத்துக்குச் சமம். சுரதாவின் பொங்குதமிழ் மாதிரி ஒரு மாற்றியில் போட்டால் போதும், யுனிகோடு தமிழாகத் திரும்பி வந்துவிடும். வந்தும் விட்டது, ஒரு எழுத்தைத் தவிர.

அந்த எழுத்து "இ". திஸ்கியில் அது 173ஆம் இடத்தில் உட்கார்ந்திருந்தது. ஐரோப்பியக் கணக்கில் அந்த இடம் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்கோட்டுக்கு உரியது. பல மென்பொருள்கள் அதைக் கண்டாலே முழுங்கிவிடும். இதனாலேயே திஸ்கி 1.7இல் இ-க்கு இன்னொரு இடமும் கொடுத்தார்கள். என் கோப்பில் பழைய இடம். அதனால் இருளாயிகள் எல்லாம் ருளாயிகள், இசக்கிகள் எல்லாம் சக்கிகள். கையால் திருத்த ஒரு ராத்திரி ஆனது.

மதினி குடும்பம் அதில் இல்லை. அது 2006இல் அப்பா சேர்த்துச் சொன்ன பட்டியலில்.

2006 கோப்பு யுனிகோடு. "இனி எந்தப் பிரச்சினையும் இல்லை" என்று ஊரெல்லாம் பிரசங்கம் பண்ணித் திரிந்த காலம் அது. யுனிகோடு உச்சரிப்பு வரிசையில் சேமிக்கும், முதலில் க, பிறகு ஒகரக்குறி. கொம்பை முன்னால் கொண்டுபோவதும் ழ-வையும் உகரத்தையும் சேர்த்து "ழு" என்ற ஒற்றை உருவமாக்குவதும் எழுத்துருவும் அதைக் கையாளும் மென்பொருளும் சேர்ந்து செய்யும் வேலை. எடிட்டர் பிடிஎஃப் ஆக்கும்போது அந்தக் கடைசி உருவங்கள்தான் கோப்புக்குள் போகின்றன. எந்த உருவம் எந்த எழுத்து என்று ஒரு அட்டவணையும் கூடவே வைக்கலாம். என் எடிட்டர் தனி எழுத்துக்களுக்கு மட்டும் வைத்தது, "ழு", "து" போன்ற கூட்டுருவங்களுக்கு வைக்கவில்லை. எனவே "கொழுந்து" நகலில் "ெகாந்" என்று வந்தது. தேடினால் எப்படிக் கிடைக்கும்?

அட்டவணை ஒழுங்காக இருந்தாலும் கொம்பு முன்னால் நிற்கும் கோளாறு தீராது, ஏனென்றால் அது வரிசைச் சிக்கல். அதற்கும் 2001இலேயே பிடிஎஃப் 1.4இல் ஒரு வழி வந்துவிட்டது. இந்த உருவக்கூட்டத்தின் நிஜமான எழுத்து இது என்று பக்கத்திலேயே மறைவாக எழுதிவைக்கும் வசதி. யாராவது பயன்படுத்தினால்தானே? லினக்ஸ் எடிட்டர்கள் பலவும் நம்பியிருக்கும் கெய்ரோ என்ற வரைகலை நிரலகம் 2008இல் 1.8ஆம் பதிப்பில்தான் இதைச் செய்யத் தொடங்கியது. எனக்கு ரெண்டு வருசம் தாமதம்.

2010இல் கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு யுனிகோடை ஏற்றபோது, கூடவே டேஸ்16 என்ற ஒன்றையும் மாற்றாக வைத்தது. ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி எண். நான் அப்போது அந்தக் கட்சியைக் கிண்டலடித்த கோஷ்டி. இப்போதும் யுனிகோடுதான் சரி என்பேன், உலகமே அதில் இருக்கிறது. ஆனால் பிடிஎஃப் விஷயத்தில் அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது என்று ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். எழுத்தும் உருவமும் ஒன்றாக இருந்திருந்தால் எனக்கு இந்தப் பாடு இல்லை.

கடைசியில் என்ன செய்தேன்? தோல்வியை ஒப்புக்கொண்டு, 2006 பிடிஎஃப்பின் பக்கங்களை நிஜமாகவே படங்களாக மாற்றினேன். டெசராக்ட் என்ற கட்டற்ற எழுத்துணரியிடம் கொடுத்தேன். கணினியில் நானே அடித்த எழுத்தைக் கணினியே கண்ணால் பார்த்துப் படித்துச் சொல்லும் கூத்து! தொண்ணூறு பங்கு சரியாக வந்தது. ஆள் பேர்களில்தான் தடுமாறியது, நமக்கு வேண்டியதோ பேர்கள்தான். நாலு ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி போனில் இருக்க, நான் வரி வரியாக வாசிக்க, அவள் "இல்லண்ணே, அது மேல்லயத்து வீடு" என்று திருத்த, முடித்தோம். ஒரு இடத்தில் எங்க அப்பத்தா பேரும் வந்தது. அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை.

மதினியின் மாமனார் வந்தது 1938இல், போடி வழியாக, எந்த எஸ்டேட், எந்தக் கங்காணி என்பது உட்பட இருந்தது. அதை வைத்து எஸ்டேட் பேரேட்டில் தேடச் சொல்லி மனு கொடுத்திருக்கிறார்கள். மனுவைத் தமிழிலேயே எழுதினோம். தமிழ்ச் சிறுபான்மையினர் தமிழில் எழுதலாம் என்று 1969 கேரள ஆட்சிமொழிச் சட்டம் சொல்கிறது. இன்னும் பதில் வரவில்லை.

மனுவை பிடிஎஃப் ஆக்கியதும் அனுப்பும் முன் "கொழுந்து" என்ற சொல்லை நகலெடுத்து வெற்றுக் கோப்பில் ஒட்டிப் பார்த்தேன். கொம்பு, ழு, து மூன்றும் முழுசாக வந்தன. எடிட்டர் கோப்பையும் கூடவே ரெண்டு இடத்தில் போட்டு வைத்திருக்கிறேன், ஒன்று தங்கச்சியிடம்.