ஒற்றை ஆள் சாம்ராஜ்யம்

அபத்தம் என்றதும் காம்யுவையும் காஃப்காவையும் தேடிப் போகிற பழக்கம் நம் சிறு வட்டத்துக்கு உண்டு. தரங்கம்பாடி வரை போனால் போதும்.

பாடப்புத்தகம் டேனியருக்கு ஒரு வரி ஒதுக்குகிறது. மிஷன் வரலாறு எழுதுகிறவர்கள் 1706இல் வந்திறங்கிய சீகன்பால்குவில் தொடங்குகிறார்கள். அதற்கு முந்தைய 86 வருஷங்களை நம்மவர் யாரும் அதிகம் பொருட்படுத்தியதில்லை. எனக்கு அந்த வருஷங்கள்தான் முக்கியமாகப் படுகின்றன.

டென்மார்க் அன்று இன்றைய அளவுக்குச் சிறியதல்ல. நார்வேயும் ஐஸ்லாந்தும் அதன் கீழ் இருந்தன. எனினும் ஹாலந்துக்கும் போர்ச்சுகலுக்கும் நடுவே கிழக்கிந்தியாவில் இடம் பிடிக்க அதனிடம் பணமோ ஆட்களோ இல்லை. இருந்தது ஆசை. நான்காம் கிறிஸ்டியன் 1616இல் ஒரு கம்பெனியை ஏற்படுத்தினான். கண்டி அரசனின் தூதன் என்று சொல்லிக்கொண்டு போஷௌவர் என்ற டச்சுக்காரன் கோபன்ஹேகன் வந்து சேர்ந்தான். அவன் பேச்சை நம்பி ஒப்பந்தம் போட்டு, இலங்கையைக் குறிவைத்துக் கப்பல்கள் கிளம்பின. தூதன் நடுக்கடலில் இறந்துபோனான். மாலுமிகளில் ஏராளமானோர் வழியிலேயே மாண்டார்கள். 1620இல் தளபதி ஓவ் ஜெட்டி இலங்கையை அடைந்தபோது, அந்த ஒப்பந்தத்தை ஏற்க முடியாது என்று கண்டி அரசன் செனரத் கைவிரித்துவிட்டான்.

இதற்கிடையில், முன்னால் போன கப்பலைக் காரைக்கால் அருகே போர்ச்சுகீசியர் மூழ்கடித்தார்கள். தப்பிக் கரையேறிய ரோலண்ட் கிராப்பே என்பவன் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் கொண்டுபோகப்பட்டான். அதன் விளைவு 1620 நவம்பர் ஒப்பந்தம். வாடகைக்கு ஒரு மீனவக் கிராமம். இலங்கையைக் கேட்டுப் புறப்பட்டவர்களுக்குக் கிடைத்தது அதுதான். நாயக்கர் தங்கத் தகட்டில் தமிழில் எழுதுவித்த கடிதம் இன்றும் டென்மார்க் ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது.

1642இல் இந்த வாடகைக் கிராமம் முகலாய சாம்ராஜ்யத்தின் மேல் யுத்தப் பிரகடனம் செய்தது. வங்கத்தில் தங்கள் கப்பல்களுக்கு நேர்ந்த நஷ்டத்துக்கு ஈடு கிடைக்கவில்லை என்பது காரணம். ஷாஜகான் காதுக்கு இது எட்டியிருக்குமா என்பதே எனக்குச் சந்தேகம். வங்கக்கடலில் வணிகக் கப்பல்களைப் பிடித்துச் சரக்கை விற்பதே யுத்தமாக நடந்தது. சமாதானம் 1698இல்தான் வந்தது. அதற்குள் ஷாஜகான் இறந்து 32 வருஷம் ஆகியிருந்தது.

1650இல் கம்பெனி கலைந்தது. 1655இல் தரங்கம்பாடியில் மிஞ்சிய டேனியன் ஒரே ஒருவன்: எஸ்கில்ட் ஆண்டர்சன் கொங்ஸ்பக்கே. எழுதப் படிக்கத் தெரியாதவன் என்று சொல்லப்படுகிறது. 1669இல் 'ஃபாரோ' என்ற கப்பல் வரும்வரை 14 வருஷம் அவன் கொடியை இறக்கவில்லை. கப்பல் பிடித்தான், அந்தப் பணத்தில் ஊரைச் சுற்றி மதில் எழுப்பினான், பாக்கி கேட்டு வந்த நாயக்கர் படையைத் தடுத்தான். இதே காலத்தில், 1658இல், அவன் அரசன் ஸ்கோனே முதலிய சொந்த மாகாணங்களையே ஸ்வீடனிடம் பறிகொடுத்தான்.

இந்த இடத்தில் எல்லோருமே சொக்கிப்போகிறார்கள். தன்னந்தனி வீரன்! நான் வங்கியில் கணக்குப் பார்க்கிறவன். கூட்டுத்தொகை பொருந்தாவிட்டால் உறுத்தும். ஒருவனால் மதில் கட்ட முடியாது. ஒருவனால் கப்பலும் பிடிக்க முடியாது. மண் சுமந்தவர்கள், பாய்மரம் ஏற்றியவர்கள், பீரங்கிக்கு மருந்து கெட்டித்தவர்கள் பெரும்பாலும் இந்தக் கரையின் ஜனங்களாகத்தான் இருந்திருக்க வேண்டும். டேனியக் கணக்கில் டேனியர் மட்டுமே தலை. ஆகவே 'ஒருவன்'. அவர்கள் அப்படி எண்ணியதில் ஆச்சரியமில்லை. நாமும் அதே எண்ணிக்கையை வாங்கிச் சிலிர்த்துக்கொள்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தஞ்சைப் படைக்கு எதிராக மதில்மேல் நின்ற தமிழன் எந்தக் கூலிக்கு, எந்த நிர்ப்பந்தத்தில் நின்றான் என்பது ஒரு நாவலுக்குரிய கேள்வி. பிடிபட்ட வங்கக் கப்பல்களில் இருந்தவர்களைப் பற்றியும் யாராவது கேட்க வேண்டும். பலவீனமான அரசு வேடிக்கையாகத் தெரிவது தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்குத்தான்.

ஆசை அதோடு அடங்கவில்லை. தரங்கம்பாடியிலிருந்து ஆட்களை அனுப்பி, 1756 ஜனவரி 1 அன்று நிக்கோபார் தீவுகளைத் தங்களுடையது என்று அறிவித்து 'புதிய டென்மார்க்' என்று பெயரிட்டார்கள். எங்கள் ஊரப்பாக்கத்தில் பொட்டலில் நான்கு கல் நட்டு, ஒரு வளைவு வைத்து, ஏதோ ஒரு 'நகர்' என்று எழுதிவிடுவார்கள். வீடு பிறகு வரும், அல்லது வராது. நிக்கோபாரில் வரவில்லை. மலேரியா குடியேறியவர்களை வாரிக்கொண்டு போயிற்று, 1759க்குள் கைவிட்டார்கள். பெயர் மட்டும் அதற்குள் 'ஃப்ரெடரிக் தீவுகள்' என்று மாறியிருந்தது. மறுபடி போனார்கள், மறுபடி செத்தார்கள். 1778இல் ஆள் இல்லாத இடம் என்று நினைத்து ஆஸ்திரியாக்காரர்கள் வந்து தங்கள் கொடியை நட்டார்கள். நிக்கோபாரிகள் அங்கேதான் இருந்தார்கள்.

1845இல் தரங்கம்பாடியும் வங்கத்துச் செராம்பூரும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டன. யாரும் கேட்டு வாங்காத நிக்கோபார் 1868 வரை டென்மார்க்கின் பெயரில் கிடந்தது.